குட்டை வெட்டினால் மண் யாருக்கு?

"அண்ணே, குழி வெட்ட ஒத்தப் பைசா குடுக்க வேணாம். வண்டி எங்களோடது, டீசல் எங்களோடது. மண்ண மட்டும் நாங்க எடுத்துக்கிறோம்."

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான பேச்சுதான் இது. கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! தோட்டத்தில் ஒரு குட்டை வேண்டும். ஜேசிபி வாடகையோ மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஓரளவு பெரிய குட்டை என்றால் நாற்பது ஐம்பது மணி நேர வேலை. அதையும் ஒருவர் இலவசமாகச் செய்து கொடுத்து, குவிந்து கிடக்கும் மண்ணையும் அப்புறப்படுத்தித் தருகிறேன் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் ஒரு கேள்வி. கையில் காசு வாங்காமல் ஒருவர் அத்தனை மணி நேரம் ஜேசிபி ஓட்டுகிறார் என்றால், அவர் எதை எடுத்துக்கொண்டு போகிறார்?

மண்ணைத்தான். அந்த மண்ணுக்கு இன்று நல்ல விலை இருக்கிறது. திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலையில் ஊருக்கு ஊர் புறவழிச் சாலை வந்துவிட்டது. அகல ரயில் பாதை முடிந்து 2023 ஜூனில் போடி வரை ரயில் வந்துவிட்டது. சாலை போகிற வழியெல்லாம் வீட்டுமனை. பள்ளமான மனையை மேடேற்ற மண், வீட்டு அஸ்திவாரத்துக்குள் நிரப்ப மண், காளவாசலில் செங்கல் அறுக்க மண். லாரிக்காரர்கள் அதை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. தோட்டக்காரருக்கு மட்டும் அது "மிச்ச மண்"!

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒழுங்காகத் திட்டமிட்டு வெட்டப்படும் பண்ணைக்குட்டையில் மிச்ச மண் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதில் பெரும்பங்கு அதே தோட்டத்துக்குத் தேவைப்படுகிற மண். குறிப்பாக மேல் ஒரு அடி மண்ணை எந்தப் பேரத்திலும் வெளியே விடக்கூடாது.

எவ்வளவு மண் வரும்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு மானியத்தில் வெட்டிக் கொடுத்த குட்டைகளில் பரவலான ஓர் அளவு 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். குட்டையின் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டக்கூடாது. வெட்டினால் முதல் மழைக்கே சரிந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று சரிவு வைத்தால், அடியில் 24 மீட்டருக்கு 24 மீட்டர் வரும். அப்படியானால் வெளியே வரும் மண் சுமார் 1,460 கனமீட்டர். நிரம்பினால் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய பதினான்கரை லட்சம் லிட்டர்.

வெட்டிய மண் உதிர்ந்து பொங்கும் என்பது மண்வெட்டி பிடித்த எவருக்கும் தெரியும். நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அதாவது வண்டியில் ஏற்றும்போது அது கிட்டத்தட்ட 1,800 கனமீட்டர். ஒரு டிராக்டர் டிரெய்லருக்கு 3 கனமீட்டர் என்று வைத்தால் 600 லோடு! "வாடகை வேண்டாம்" என்றவர் ஏன் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பது இப்போது புரிகிறதா?

எல்லா மண்ணும் ஒரே மண் இல்லை

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். குட்டையில் இருந்து வரும் மண் ஒரே மண் இல்லை. மேலே ஒரு அடி வரை இருப்பது பல தலைமுறை உரம் போட்டு, உழுது, இலை தழை மக்கி, மண்புழுவும் நுண்ணுயிரும் வாழ்கிற மண். கீழே போகப்போக நிறம் மாறும், இறுகும். இன்னும் கீழே சரளை வரும், சில இடங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த சுக்கான் வரும். மேல்மண் ஒரு அங்குலம் உருவாக இயற்கைக்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஜேசிபியின் வாளிக்கு ஒரு நொடி.

ஓட்டுநர் வழக்கமாக எப்படி வெட்டுகிறார்? ஒரு மூலையில் ஆரம்பித்து முழு ஆழத்துக்கும் இறக்கிக்கொண்டே போகிறார். மேல்மண்ணும் அடிமண்ணும் ஒரே குவியலில் கலந்துவிடுகின்றன. அதன்பிறகு அந்தக் குவியலை வயலில் பரப்பினால், செத்த மண்ணை உயிருள்ள மண்ணின் மேல் போட்டு மூடுவதாகிவிடும். "குட்டை மண்ணை அடிச்சேன், பயிரே வரலை" என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கண்மாய் வண்டலும் குட்டை மண்ணும் ஒன்று என்று நினைப்பது. கண்மாயில் இருப்பது ஊர் ஊராக, வயல் வயலாக ஓடி வந்த தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த மெல்லிய களியும் மக்கும். செம்மண் புஞ்சையில் அதை அடித்தால் ஈரம் நின்று பிடிக்கும். ஆண்டிபட்டி, போடி பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு அது வரப்பிரசாதம். புதிதாக வெட்டும் குட்டையின் அடிமண் அப்படி இல்லை. அது வெறும் மண். அதற்கு வேறு வேலை இருக்கிறது.

ஆக, செய்ய வேண்டிய முதல் காரியம் சுலபமானது. முதல் நாள் முழுப் பரப்பிலும் மேல் ஒரு அடியை மட்டும் வழித்து எடுத்து ஓரமாகத் தனியே குவிக்கச் சொல்ல வேண்டும். கரை போடப் போகிற இடத்தின் மேல்மண்ணையும் அப்படியே வழித்துவிடலாம். அதன்பிறகுதான் ஆழம். இதற்குக் கூடுதலாகச் சில மணி நேரம் ஆகும். அவ்வளவே.

மண்ணுக்குப் போக இடம் இருக்கிறதா?

இருக்கிறது. மேலே சொன்ன 1,460 கனமீட்டரையே எடுத்துக்கொள்வோம்.

மேல் ஒரு அடியில் வருவது சுமார் 260 கனமீட்டர். அதை இரண்டு அங்குல கனத்தில் பரப்பினால் ஒண்ணேகால் ஏக்கருக்கு வரும். தோட்டத்தில் மண் அரித்துப்போன மேட்டுப் பகுதிக்கு முதல் உரிமை.

அடுத்தது குட்டையின் கரை. தண்ணீர் வந்து சேரும் மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டுவிட்டு, மற்ற மூன்று பக்கமும் கரை போட வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரம், மேலே ஒரு மீட்டர் அகலம், இருபுறமும் சரிவு என்றால் அடி அகலம் ஐந்தரை மீட்டர். மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 110 மீட்டர் நீளம். அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து இறுக்கினால் 600 கனமீட்டர் மண்ணை இந்தக் கரையே விழுங்கிவிடும். நிரம்பினால் வழிந்தோட ஒரு கலிங்கும் அவசியம்.

மீதி 600. தோட்டத்துக்குள் வண்டிப்பாதை மழைக்காலத்தில் சேறாகிறதா? நூறு மீட்டர் பாதையை மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு அடி உயர்த்த 90 கனமீட்டர். சரளைதான் இதற்கு ஏற்றது. மாட்டுக்கொட்டகைக்கு இரண்டடி உயர மேடை போட 36. ஓர் ஏக்கரைச் சுற்றி 250 மீட்டருக்கு நல்ல தடித்த வரப்பு போட 150. பள்ளமாகக் கிடக்கும் இருபது சென்ட்டை ஒரு அடி மேடேற்ற 240. இதிலும் ஒரு விஷயம்: பள்ளத்தின் மேல்மண்ணை முதலில் வழித்து வைத்து, அடிமண்ணை நிரப்பி, மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். கூட்டினால் 516. மிதித்து இறுக்கும்போது அமுங்குவதையும் சேர்த்தால் 600 சரியாகப் போய்விடும்.

முடிந்தது கணக்கு. மிச்சம் எங்கே?

கரையைச் சும்மா விட வேண்டும் என்பதும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. சூறைக்காற்றில் குலை தள்ளிய வாழைகள் ஒரே இரவில் சாய்ந்து கிடப்பதை அந்த ஊர்க்காரர்கள் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள். காற்று வரும் பக்கத்தில் மண்மேடு போட்டு அதன் மேல் அகத்தியும் அடுத்து மூங்கிலும் வரிசையாக வைத்தால், அதற்குப் பின்னால் இருக்கும் வாழைக்கும் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கும் ஓரளவு காப்பு. தண்ணீர் தேங்கும் கரையின் மேல் மட்டும் பெரிய மரம் வைக்கக்கூடாது. வேர் வழியே கசிவு வரும். அங்கே வெட்டிவேர் அல்லது தீவனப்புல் போதும். புல் மண்ணையும் பிடிக்கும், மாட்டுக்கும் ஆகும்.

வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போவது இன்னொரு கெட்ட பழக்கம். விளிம்பில் இருந்து ஒரு மீட்டராவது தள்ளித்தான் கரை எழும்ப வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழையில் அத்தனையும் திரும்ப குழிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெட்டிய காசும் போச்சு, குட்டையும் போச்சு.

மண்ணே கூலியானால்...

இலவசமாக வெட்டும் பேரத்துக்குத் திரும்ப வரலாம். இதில் மண் போவது மட்டும் நஷ்டம் இல்லை. குட்டையின் உருவமே மாறிவிடுகிறது. வெட்டுபவருக்குக் கூலி மண்ணில் கிடைக்கிறது என்றால், அதிகம் வெட்டினால் அதிகக் கூலி. இரண்டு மீட்டரில் நிறுத்த அவருக்கு என்ன அவசியம்? நாலு மீட்டர், ஐந்து மீட்டர் என்று இறங்குவார். சரிவு வைத்தால் மண் குறையும், அதனால் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டுவார். கடைசியில் விவசாயிக்குக் கிடைப்பது குட்டை இல்லை, மண் எடுத்த பள்ளம்.

களிமண் அடுக்கைத் தாண்டிச் சரளை வரை போய்விட்டால் தண்ணீர் தங்காது. பிளாஸ்டிக் விரிப்பு போடலாம் என்றால் செங்குத்துச் சுவரில் அது நிற்காது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, மழை பெய்து நிரம்பியதும் அந்தப் பள்ளத்துக்கு ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அனுமதிக்கு மேல் மண் எடுத்த பள்ளங்களில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்காத ஆண்டு உண்டா? சரிவாக வெட்டிய குட்டையில் விழுந்தவர் தட்டுத்தடுமாறி ஏறிவிடலாம். செங்குத்துச் சுவரில் எதைப் பிடித்து ஏறுவது?

சட்டம் என்ன சொல்கிறது?

"என் நிலம், என் மண், யார் கேட்பது?" என்று சிலர் கேட்கலாம். சட்டம் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறது.

2000 பிப்ரவரி 3 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, கரை, சாலை, ரயில் பாதை, கட்டடம் ஆகியவற்றின் கட்டுமானத்தில் நிரப்பவோ சமன் செய்யவோ பயன்படும் சாதாரண மண்ணும் சிறுகனிமம்தான். இதை வைத்துப் புனே நகரக் கட்டுநர்களுக்கும் மகாராஷ்டிர அரசுக்கும் நடந்த வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோண்டிய மண் என்பதாலேயே அது கனிமம் ஆகிவிடாது, அது எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இதிலிருந்து விவசாயி எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? தோட்டத்து மண் தோட்டத்து வயலிலேயே பரவும்வரை அது மண். லாரி ஏறி மனைக்கோ சாலைக்கோ போனால் அது கனிமம். தமிழ்நாட்டில் பட்டா நிலமே ஆனாலும் மண்ணை வெட்டி வெளியே விற்க அனுமதி வாங்க வேண்டும், வண்டிக்கு நடைச்சீட்டு வேண்டும். சீட்டு இல்லாத லாரி பிடிபட்டால் "எந்த சர்வே நம்பரில் அள்ளியது?" என்ற கேள்வி கடைசியில் பட்டாக்காரர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். மண்ணின் விலை லாரிக்காரருக்கு, விசாரணை விவசாயிக்கு!

கண்மாய் மண்ணுக்கு இந்த அளவு குழப்பம் இல்லை. 2017-ல் குடிமராமத்துப் பணிகள் நடந்த காலத்தில், விவசாயிகள் நீர்நிலைகளில் இருந்து வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அளவு சொல்லப்பட்டது. நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு. புஞ்சைக்கு 90 கனமீட்டர், 30 லோடு. மண்பாண்டத் தொழிலாளருக்கும் தனி அளவு உண்டு. 2024-ல் இந்த அனுமதியை வட்டாட்சியரே வழங்கலாம் என்று எளிதாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் சொந்தத் தோட்டத்தில் குட்டை வெட்டுகிறவருக்கு "மண்ணை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது" என்று இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் ஒரு கையேட்டைத் துறை கையில் கொடுக்க வேண்டாமா?

வழி என்ன?

இதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. கையில் காசு இருந்தால் அவர் ஏன் மண்ணைக் கொடுக்கப் போகிறார்? வெட்டுவதற்கு மானியம் வாங்கியவருக்கும் பிரச்சினை தீரவில்லை. குழி வெட்டினால் திட்டம் முடிந்தது, போட்டோ எடுத்தாயிற்று. 600 லோடு மண்ணை இடம் மாற்ற டிராக்டர் வாடகை யார் கொடுப்பது? அந்த இடத்தில்தான் லாரிக்காரர் நுழைகிறார்.

மகாராஷ்டிராவில் 2017-ல் தொடங்கிய திட்டத்தின் பெயருக்கே "வண்டல் இல்லாத அணை, வண்டல் நிறைந்த வயல்" என்றுதான் பொருள். தெலங்கானா 2015-ல் சுமார் 46 ஆயிரம் ஏரி குளங்களைச் சீரமைக்கப் புறப்பட்டபோது, வண்டலை விவசாயிகள் வயலுக்குக் கொண்டுபோவதையும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். இரண்டிலும் உள்ள நல்ல யோசனை, வெட்டும்போதே மண் எங்கே போகும் என்று முடிவு செய்வது. பண்ணைக்குட்டைக்கும் அதே யோசனை வேண்டும். மானிய மதிப்பீட்டில் மேல்மண்ணைத் தனியே வழிக்கவும், கரை இறுக்கவும், பரப்பவும் தனியாக ஒரு தொகை ஒதுக்கட்டும். கரை முடியாத குட்டைக்குக் கடைசித் தவணை இல்லை என்று சொல்லட்டும். காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அடிமண்ணைச் சோதித்து "இது வயலுக்கு ஆகும், இது பாதைக்குத்தான் ஆகும்" என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சம் இல்லை.

ஒரு ஏக்கர், அரை ஏக்கர் மட்டுமே வைத்திருப்பவரின் நிலைமை வேறு. முப்பது மீட்டர் குட்டையும் கரையும் சேர்ந்தால் நாற்பது சென்ட் வரை போய்விடும். அவருக்குச் சிறிய குட்டையே போதும், சிறிய குட்டைக்குச் சிறிய குவியல்தான். வேறு வழியே இல்லை, மண்ணை விற்றுத்தான் வெட்ட வேண்டும் என்றால், விற்கட்டும். ஆனால் முறையான அனுமதியோடு, அடிச் சரளையை மட்டும், ஆழமும் சரிவும் எழுதி வாங்கிக்கொண்டு, எண்ணிய லோடுக்குக் காசு வாங்கி விற்கட்டும். மேல் ஒரு அடி மட்டும் வேலியைத் தாண்டக்கூடாது.

வருசநாட்டு மலையில் பிறந்து தேனி வழியாக மதுரைக்குப் போகும் வைகையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. வெள்ளம் வந்து கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட, வந்திக் கிழவிக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்தார். பிட்டை வாங்கித் தின்றார், ஆடினார், பாடினார், தூங்கினார். கிழவியின் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடந்தது. அதற்காகத்தான் பிரம்படி.

கடவுளே ஆனாலும், வெட்டிய மண் கரைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அடி விழும் என்று அந்தக் கதையைக் கட்டிய மதுரைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வைகை பிறந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அது மறந்து போகலாமா?

அடுத்த முறை "அண்ணே, மண்ண மட்டும் நாங்க எடுத்துக்கிறோம்" என்று யாராவது வந்து நின்றால், ஒரே ஒரு பதில் போதும். "தம்பி, குழிக்கு வாடகை நான் தர்றேன். மண்ணு இங்கேயே இருக்கட்டும்."